உங்களுக்குத் தெரியுமா? எலெக்ட்ரானைப் பின்தொடரும் கணினிகள்

கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டினாலே நாம் தவித்துப்போகிறோம். பல லட்சம் டிகிரியில் இருக்கும் பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் கட்டிவைத்து, அதற்குள் எலெக்ட்ரான்கள் என்ன செய்கின்றன என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள் நம் நாட்டு விஞ்ஞானிகள். அந்தக் கணக்கைப் பற்றிய துணுக்குகள் இவை.

காவலூர் பார்க்கும் உலைகள்
வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். அங்குள்ள வைணு பாப்பு ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது. அது பார்க்கும் விண்மீன்களில் பெரும்பாலானவை ஹைட்ரஜன் கருக்களை இணைத்து ஹீலியமாக்கி ஒளிர்பவை. சூரியனின் மையத்தில் வெப்பம் சுமார் 1.5 கோடி டிகிரி. பூமியில் இணைவு ஆற்றல் எடுக்கவோ 15 கோடி டிகிரி வேண்டும். தன் எடையாலேயே எரிபொருளை நசுக்கிவைக்கும் வசதி சூரியனுக்கு உண்டு, நமக்கு இல்லை.

காந்தமே பாத்திரம்
அத்தனை சூட்டை எந்த உலோகமும் தாங்காது. அணுக்கள் உடைந்து எலெக்ட்ரான்களும் அயனிகளும் தனித்தனியாகத் திரியும் நிலைதான் பிளாஸ்மா. மின்னூட்டம் கொண்ட துகள்கள் காந்தப்புலக் கோட்டைச் சுற்றிச் சுற்றியே நகரும். அதனால் மெதுவடை வடிவில் காந்தப்புலத்தை வளைத்து, நடுவில் பிளாஸ்மாவைத் தொங்கவிடுகிறார்கள். சோவியத் விஞ்ஞானிகள் 1950களில் உருவாக்கிய இந்தக் கருவிக்கு டோக்கமாக் என்று பெயர்.

நம் ஊர் டோக்கமாக்
குஜராத்தின் காந்திநகர் அருகே, பாட் கிராமத்தில் இருக்கிறது பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம். இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய முதல் டோக்கமாக்கான 'ஆதித்யா' அங்கே 1989இல் இயங்கத் தொடங்கியது. 2016இல் அதைப் புதுப்பித்து 'ஆதித்யா-யு' ஆக்கினார்கள். வளையத்தின் ஆரம் 75 செ.மீ., பிளாஸ்மாக் குழாயின் ஆரம் 25 செ.மீ. மொத்தப் பிளாஸ்மாவும் ஒரு கன மீட்டருக்குச் சற்றுக் குறைவுதான்.

18 வயதில் முனைவர்
அந்த நிறுவனத்தின் முதல் இயக்குநர் பிரதிமன் கிருஷண் காவ், டெல்லி ஐஐடியில் 1966இல் முனைவர் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 18. அடுத்து அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஜான் டாசனோடு சேர்ந்து ஆய்வு செய்தார். பிளாஸ்மாத் துகள்களைக் கணினியில் ஓடவிட்டுப் பார்க்கும் முறைக்கு வழிகாட்டிகளில் ஒருவர் டாசன்.

வினாடிக்கு 4,200 கோடி சுற்று
1.5 டெஸ்லா காந்தப்புலத்தில் ஓர் எலெக்ட்ரான் வினாடிக்கு 4,200 கோடி தடவை சுழலும். அதாவது 42 கிகாஹெர்ட்ஸ். அதே அதிர்வெண்ணில் நுண்ணலையைச் செலுத்தினால், எலெக்ட்ரான் ஆற்றலை வாங்கிக்கொண்டு சூடேறும். பிளாஸ்மாவைப் பற்றவைக்கவும் சூடேற்றவும் காந்திநகரில் 42 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையை உண்டாக்கும் 'ஜைரோட்ரான்' கருவியை வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

சுருள் சிறியது, வேகம் பெரியது
35 லட்சம் டிகிரி சூட்டில் எலெக்ட்ரானின் வேகம் வினாடிக்குச் சுமார் 10,000 கிலோமீட்டர். ஆனால் அது சுழலும் வட்டத்தின் ஆரம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. கணினிச் சிமுலேஷன் செய்பவர்களுக்குப் பெரும் சவால் இங்கேதான். இம்மியளவு சுருளையும் மீட்டர் கணக்கில் நீளும் பாதையையும் ஒரே கணக்கில் அடக்கியாக வேண்டும்.

இரண்டு லட்சம் கோடி கோடி
ஆதித்யா அளவுள்ள கருவியில் ஏறத்தாழ இத்தனை எலெக்ட்ரான்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கணக்கிட எந்தக் கணினிக்கும் சக்தி இல்லை. அதனால் கோடிக்கணக்கான எலெக்ட்ரான்களுக்குப் பிரதிநிதியாக ஒரே ஒரு 'கணினித் துகளை' வைக்கிறார்கள். அவற்றின் மின்னூட்டத்தை ஒரு கட்ட வலையில் பங்கிட்டு, வலையில் மின்புலத்தைக் கணக்கிட்டு, அந்தப் புலம் துகள்களை எங்கே தள்ளும் என்று பார்த்து நகர்த்துகிறார்கள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து. ஒரு சிமுலேஷனில் இந்தச் சுழற்சி ஆயிரக்கணக்கான தடவை நடக்கும்.

சுழற்சியைச் சராசரியாக்கு
4,200 கோடி சுற்றையும் ஒன்றொன்றாகப் பின்தொடர்ந்தால் கணக்கு முடியவே முடியாது. வெப்பத்தை வெளியே கடத்தும் பிளாஸ்மாக் கொந்தளிப்போ அந்தச் சுழற்சியைவிட மிக மெதுவாக நடப்பது. எனவே சுழலும் துகளை ஒரு மின்னூட்ட வளையமாகக் கருதி, அந்த வளையத்தின் மையம் எப்படி நகர்கிறது என்பதை மட்டும் கணக்கிடுகிறார்கள். 'ஜைரோகைனெட்டிக்' எனப்படும் இந்த முறைதான் இன்றைய கொந்தளிப்புச் சிமுலேஷன்களின் முதுகெலும்பு.

எலெக்ட்ரானை ஏன் ஒதுக்கிவைத்தார்கள்?
கன ஹைட்ரஜனான டியூட்டீரியத்தின் அயனி எலெக்ட்ரானைவிடச் சுமார் 3,670 மடங்கு கனமானது. எலெக்ட்ரான் அத்தனை இலகு என்பதால் காந்தப்புலக் கோட்டின் வழியே மின்னல் வேகத்தில் ஓடும். அதைப் பின்தொடர, நேரத்தை மிகச் சிறு துண்டுகளாக நறுக்க வேண்டும். கணினிச் சக்தி குறைவாக இருந்த காலத்தில், எலெக்ட்ரான் மின்புலத்துக்கு உடனுக்குடன் இசைந்துகொள்ளும் என்று ஓர் எளிய சமன்பாட்டோடு விட்டுவிட்டார்கள். அந்தக் குறுக்குவழி எல்லா இடத்திலும் செல்லாது. எலெக்ட்ரானே கிளப்பும் கொந்தளிப்பு அதில் தெரியாமல் போய்விடும்.

சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள்
டோக்கமாக்கின் உள்பக்கத்தில் காந்தப்புலம் வலுவாகவும் வெளிப்பக்கத்தில் தளர்வாகவும் இருக்கும். ஆதித்யா-யுவின் அளவுகளை வைத்துப் பார்த்தால், உள்விளிம்பில் இருக்கும் புலம் வெளிவிளிம்பில் இருப்பதைப்போல் இரு மடங்கு. காந்தக் கோட்டின் வழியே போதிய வேகம் இல்லாத எலெக்ட்ரான் உள்பக்கம் போக முயன்று, வலுத்த புலத்தில் மோதித் திரும்பிவிடும். வெளிப்பக்கத்திலேயே முன்னும் பின்னுமாக அலையும் அதன் பாதை, குறுக்குவெட்டில் வாழைப்பழ வடிவில் இருக்கும். விளிம்பை நெருங்க நெருங்க இப்படிச் சிறைப்படுபவற்றின் பங்கு கூடும். இவை கூட்டாகக் கிளப்பும் கொந்தளிப்பு, பாடுபட்டு ஏற்றிய வெப்பத்தை வெளியே கடத்திவிடுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் காந்திநகர் நிறுவனமும் சேர்ந்து, ஆதித்யா-யுவின் நிஜ அளவீடுகளைக் கணினிக்குள் ஏற்றி, இந்தக் கொந்தளிப்பை ஆராய்ந்திருக்கின்றன.

சிறையிலிருந்தும் நன்மை
அதே சிறைப்பட்ட துகள்கள் வேறொரு உதவியும் செய்கின்றன. மையத்தில் அழுத்தம் கூடுதலாகவும் விளிம்பில் குறைவாகவும் இருக்கும்போது, அவை பிளாஸ்மாவுக்குள் தானாகவே ஒரு மின்னோட்டத்தை உண்டாக்குகின்றன. 1971இலேயே கோட்பாட்டாளர்கள் இதைக் கணித்துவிட்டார்கள். பின்னாளில் சோதனைகளும் உறுதிசெய்தன. டோக்கமாக்கைத் தொடர்ந்து இயக்கும் முயற்சிக்கு இந்த இலவச மின்னோட்டம் பெரிய துணை.

சந்திரசேகரும் கட்டறுத்த எலெக்ட்ரான்களும்
சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1943இல் ஒரு கணக்குப் போட்டார். விண்மீன் கூட்டத்தின் நடுவே ஓடும் ஒரு விண்மீனை மற்ற விண்மீன்களின் ஈர்ப்பு எவ்வளவு இழுத்துப் பிடிக்கும்? ஓர் எல்லைக்கு மேல் வேகம் கூடக் கூட, பிடிப்பு குறைகிறது என்று விடை வந்தது.

பிளாஸ்மாவில் ஓடும் எலெக்ட்ரானுக்கும் இதே கணிதம் பொருந்துகிறது. அந்தச் சமன்பாட்டில் வரும் சார்புக்குச் 'சந்திரசேகர் சார்பு' என்றே பெயர். வேகமான எலெக்ட்ரானின் வேகம் இரட்டித்தால், மோதல்களின் தடை நாலில் ஒன்றாகிவிடும். மின்புலம் தள்ளிக்கொண்டே இருக்கும்போது, எல்லையைத் தாண்டிய எலெக்ட்ரானைப் பிடிக்க ஆளில்லை. அது கட்டறுத்துக்கொண்டு ஒளியின் வேகத்தை நெருங்கும். பிளாஸ்மா திடீரென்று குலையும் தறுவாயில் இப்படிப்பட்டவை கற்றையாகச் சேர்ந்து சுவரைத் தாக்கினால், உலோகமே உருகும். பிரான்ஸில் எழும் ஐட்டர் என்ற இணைவு உலையில் பிளாஸ்மா மின்னோட்டம் 1.5 கோடி ஆம்பியர். அங்கே இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

ஆதித்யா கண்ட வழி
கட்டறுத்த எலெக்ட்ரான்கள் சுவரில் மோதும்போது கடின எக்ஸ் கதிர்கள் கிளம்பும். அதை வைத்தே அவற்றை இனம் காண்கிறார்கள். ஓரிடத்தில் மட்டும் செங்குத்தாகச் சிறு காந்தப்புலத்தைக் கொடுத்து, அவை வலுப்பெறும் முன்பே வெளியேற்றிவிடும் உத்தியை ஆதித்யாவில் செய்து காட்டியிருக்கிறார்கள் நம் விஞ்ஞானிகள்.

லேசர் சொன்ன சாட்சி
சோவியத்தின் டி-3 டோக்கமாக் ஒரு கோடி டிகிரியை எட்டியது என்ற செய்தியை மேற்கு நாடுகள் முதலில் நம்பவில்லை. 1969இல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் லேசர் கருவியோடு மாஸ்கோ போனார்கள். எலெக்ட்ரான்கள் சிதறடித்த லேசர் ஒளியை அளந்தபோது, செய்தி உண்மை என்று தெரிந்தது. அதன் பிறகே உலகம் டோக்கமாக் பக்கம் திரும்பியது. இன்றும் சிமுலேஷன் சரியா என்று உரசிப் பார்க்க எலெக்ட்ரானின் வெப்பநிலையும் ஓர் உரைகல்.

கணக்குப் போடும் இயந்திரங்கள்
காந்திநகரின் 'அந்த்யா' வினாடிக்குப் பத்துக் கோடி கோடி கணக்குகள் போடும் திறன் கொண்டது. பெங்களூருவின் 'பரம் பிரவேகா' அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். வெளிநாட்டு மென்பொருளை மட்டும் நம்பியிராமல், 'ஜி2சி3' என்ற ஜைரோகைனெட்டிக் நிரலையும் பெங்களூரு ஆய்வாளர்கள் சொந்தமாக எழுதிவருகிறார்கள்.

பாபாவின் நம்பிக்கை
1955இல் ஜெனீவா அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய இந்திய அணு விஞ்ஞானி ஹோமி பாபா, இருபது ஆண்டுகளுக்குள் இணைவு ஆற்றல் கைவசப்படும் என்றார். அதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆகியும் அது கைகூடவில்லை. கொந்தளிப்பும் எலெக்ட்ரானின் சேட்டையும் அதற்கு முக்கியக் காரணங்கள். ஐட்டரில் இன்று இந்தியாவும் பங்காளி. அதைச் சுற்றி நிற்கும் 3,850 டன் எடையுள்ள குளிர்காப்புக் கலமான கிரையோஸ்டாட் நம் நாட்டுப் பங்களிப்பு.

நமக்கு என்ன லாபம்?
ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுத்தம் செய்கின்றன. சவ்வு வழியே நீரைப் பிரிப்பதற்கும், மிச்சமிருக்கும் உப்புநீரை ஆவியாக்குவதற்கும் மின்சாரமும் வெப்பமும் ஏராளமாகச் செலவாகின்றன. பாலாற்றைக் காப்பாற்றுவதற்கும் மின்சாரம்தான் வேண்டும். இணைவு வழியே புகையில்லாத மின்சாரம் கைகூடினால், அதை முதலில் வரவேற்க வேண்டியவர்கள் நாம்.

நீங்களும் செய்யலாம்
எலெக்ட்ரானின் பாதையைக் கணக்கிட 1970இல் வந்த 'போரிஸ் முறை' இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. மின்புலத்தின் தள்ளலில் பாதி, காந்தப்புலத்தில் ஒரு திருப்பம், மறுபடியும் தள்ளலில் மீதிப் பாதி. அவ்வளவுதான். பைத்தான் மொழியில் ஒரு பக்கத்துக்குள் எழுதிவிடலாம். அந்த மொழியும் இலவசம். சாதாரண மடிக்கணினி போதும். வேலூர், ஆம்பூர் கல்லூரி மாணவர்களே, வளையத்தின் மையத்திலிருந்து 75 செ.மீ. தூரத்தில் 1.5 டெஸ்லா, தூரம் கூடக் கூடக் குறையும் புலம், அதில் கொஞ்சம் முறுக்கு என்று அமைத்து எலெக்ட்ரான்களை வெவ்வேறு கோணங்களில் ஏவிப் பாருங்கள். சில வளையத்தை முழுதாகச் சுற்றும், சில பாதியில் திரும்பும். எந்தக் கோணத்தில் திரும்பத் தொடங்குகின்றன என்று கண்டுபிடியுங்கள். ஆதித்யா-யுவை ஆராய்பவர்களுக்கும் இதுதான் முதல் பாடம்.