பழைய டீசல் வண்டி வாங்கலாமா?

பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக்கோ, அரூர், பென்னாகரம் சந்தைகளுக்கோ விடியற்காலையில் சென்று பாருங்கள். சிறிய டீசல் 'பிக்கப்' வண்டிகள் வரிசையாக நிற்கும். அவற்றில் இரண்டு மூன்று கை மாறியவை பல. புது வண்டி வாங்க இயலாத விவசாயி நகையை அடகு வைத்து, மீதிக்குக் கடன் வாங்கி, பழைய வண்டி ஒன்றைப் பிடிக்கிறார். நல்ல வண்டியாக அமைந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் நகை வீடு திரும்பும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் தவணை, மறுபக்கம் மெக்கானிக் கடைச் செலவு என்று இரண்டுக்கும் இடையில் அகப்பட்டுக்கொள்வார். உங்கள் வீட்டிலும் இப்படியொரு பேச்சு நடக்கலாம். அங்கே நீங்கள் படித்த இயற்பியல் நன்றாகவே உதவும்.

வண்டியைப் பார்க்க விடியற்காலையில் செல்லுங்கள். எஞ்சினை முன்கூட்டி ஓட்டிவைக்க வேண்டாமென்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். சென்றவுடன் பானெட்டின்மேல் கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால், விலை பேசாமல் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புவதே நல்லது. இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்பீர்கள்.

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி உண்டு. டீசல் எஞ்சினில் அது கிடையாது. சைக்கிள் பம்பால் வேகமாகக் காற்றடித்தபின் அதன் அடிப்பகுதியைத் தொட்டால் சுடுகிறதல்லவா? காற்றை அமுக்க நாம் செய்யும் வேலை வெப்பமாக மாறுகிறது. தென்கிழக்காசிய மக்கள் நெடுங்காலமாகவே ஒரு குழாய்க்குள் தண்டை ஓங்கி அடித்து, அதன் நுனியிலுள்ள பஞ்சில் நெருப்பு உண்டாக்கி வந்தார்கள். இதே தத்துவத்தில் இயங்கும் எஞ்சினை ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டினார்.

ஒரு கணக்குப் போடுவோம். உருளைக்குள் வரும் காற்று 27° செ., அதாவது 300 கெல்வின் வெப்பநிலையில் இருக்கிறது. பிஸ்டன் மேலேறி அதைப் பதினெட்டில் ஒரு பங்காக அமுக்குகிறது. வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வுக்கான சமன்பாட்டின்படி, முதல் வெப்பநிலையை 18-இன் 0.4 அடுக்கால் பெருக்க வேண்டும். அந்த எண் ஏறக்குறைய 3.18. ஆகவே காற்று 954 கெல்வினை, அதாவது சுமார் 680° செ. வெப்பநிலையை எட்டும். உருளையின் சுவர்கள் வெப்பத்தை உறிஞ்சுவதால் உண்மையில் இதைவிடக் குறைவாகவே இருக்கும். டீசல் தானாகத் தீப்பற்ற 250° செ. போதுமே, பிறகென்ன என்று தோன்றலாம். ஆனால் அந்த வெப்பநிலையில் சாவகாசமாகத்தான் பற்றும். எஞ்சினில் ஆயிரத்தில் சில பங்கு நொடிக்குள் பற்றியாக வேண்டும். அதற்கு மிகச் சூடான காற்று தேவை.

பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் தேய்ந்துபோனாலோ, வால்வுகள் சரியாக மூடாவிட்டாலோ காற்று கசிகிறது. அழுத்தமும் வெப்பமும் குறைகின்றன. எஞ்சின் சூடாக இருக்கும்போது இக்குறை வெளியே தெரியாது. மார்கழி விடியலில், இரும்பெல்லாம் குளிர்ந்து கிடக்கும்போதுதான் அது அம்பலமாகும். நல்ல எஞ்சின் சாவியைத் திருப்பி, சூடேற்றும் பிளக்கின் விளக்கு அணைந்தபின் ஸ்டார்ட் செய்தால், ஓரிரு நொடிகளில் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த எஞ்சின் நெடுநேரம் சுற்றும், வெண்புகையைக் கக்கும், இருமி இருமிக் கிளம்பும். பாட்டரி பலவீனமாக இருந்தாலும் இப்படி ஆவதுண்டு. மெதுவாகச் சுற்றும்போது காற்று கசியவும் வெப்பம் சுவருக்குப் போகவும் அவகாசம் கிடைத்துவிடுகிறது. ஆகையால் எஞ்சின் சுற்றும் வேகத்தையும் காதால் கவனியுங்கள். வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லையென்றால் சந்தேகம் எஞ்சின்மீதுதான்.

புகை ஒரு நல்ல சாட்சி. வெண்புகை எரியாத டீசலின் ஆவி. எஞ்சின் சூடானபின் அது நின்றுவிட வேண்டும். நிற்காமல் தொடர்ந்தால் குளிர்விக்கும் நீர் உருளைக்குள் கசியக்கூடும். நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள். கரும்புகை முழுதும் எரியாத கரி. காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், இன்ஜெக்டர் பழுதாகியிருக்கலாம். இவற்றுள் கரும்புகைக்கு நான் அதிகம் அஞ்சமாட்டேன். வடிகட்டியை மாற்றினாலே தீர்ந்துவிடும் சமயங்கள் உண்டு. நீலப்புகை அப்படியல்ல, பெரும்பாலும் எஞ்சினைப் பிரிக்க வைக்கும்.

எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்தத் துளையின்மேல் சும்மா வைத்துப் பாருங்கள். சிறிது அதிரலாம். குதித்து விழுந்து, துளையிலிருந்து புகை குபுகுபுவென்று வந்தால், உருளையிலிருக்க வேண்டிய வாயு வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. ஆயில் கறுப்பாக இருப்பது டீசல் எஞ்சினில் இயல்பு. அது பால் காப்பி நிறத்தில் இருந்தால்தான் ஆபத்து, தண்ணீர் கலந்துவிட்டது. ரேடியேட்டர் மூடியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும். அழுத்தத்தின் கீழ் நீரின் கொதிநிலை 100 டிகிரிக்கு மேலே போய்விடுவதால், சூட்டில் திறந்தவுடன் அது பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் வண்டி பிடித்திருந்தால், மெக்கானிக்கிடம் அழைத்துச் சென்று ஒவ்வோர் உருளையின் அமுக்க அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். நல்ல டீசல் எஞ்சினில் அது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 25 முதல் 30 மடங்கு வரும். மாடலுக்கு மாடல் சற்று மாறும். உருளைகளுக்குள் வேறுபாடு பத்து விழுக்காட்டுக்கு மேல் இருக்கலாகாது. வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் கூலி அற்பம்.

ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டரை நம்பி முடிவு செய்யாதீர்கள். மின்னணு மீட்டரின் எண்களையும் குறைத்துவிட முடியும். தருமபுரியிலிருந்து சேலம் சென்று திரும்ப ஏறத்தாழ 130 கிலோமீட்டர். ஆண்டில் 300 நாள் அப்படிச் சுமையேற்றிய வண்டி 39,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும். ஐந்தாண்டில் இரண்டு லட்சத்தை நெருங்கும். அத்தகைய வண்டியின் மீட்டர் 70,000 காட்டினால் பெருமூச்சு விட்டுவிட்டு, பெடல் ரப்பரையும் ஸ்டியரிங்கின் தேய்மானத்தையும் பாருங்கள்.

சேலத்துப் பாதை என்றதும் தொப்பூர் கணவாய் நினைவுக்கு வருகிறது. தருமபுரிப் பக்கமிருந்து இறங்கும் வண்டிகள் பிரேக் பிடிக்காமல் மோதிய விபத்துகளை நம் மாவட்டத்தார் யாரும் மறக்க முடியாது. 2.5 டன் மொத்த எடையுள்ள வண்டி 200 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அது இழக்கும் நிலையாற்றல் 49 லட்சம் ஜூல். 16 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். கியரை நியூட்ரலில் போட்டு இறக்கினால் இதில் பெரும்பகுதி பிரேக்கிலேயே வெப்பமாகிறது. (டீசல் மிச்சமாகும் என்று அப்படி இறக்குகிறவர்கள் உயிரைத்தான் செலவழிக்கிறார்கள்.) பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. சாதாரண வகையான 'டாட் 3' திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205° செ. வரை கொதிக்காது, ஈரமேறிய பிறகு அது 140° செ. அளவுக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். எனவே பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இக்குறையைச் சமதரையில் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே எந்த வண்டியை வாங்கினாலும், முதல் லோடு ஏற்றுமுன் பிரேக் திரவத்தை மாற்றிவிடுங்கள்.

பிறகு தரையில் ஒரு சாக்கை விரித்துப் படுத்து, வண்டியின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டத்தில் வெல்டிங் தழும்போ விரிசலோ தென்பட்டால், அவ்வண்டி தாங்குவதற்குமேல் சுமந்திருக்கிறது. தேய்ந்த எஞ்சினைச் சரிசெய்ய ஆகும் தொகையை விலையில் கழித்துக் கொடுத்தால், அத்தகைய வண்டியையும் வாங்கலாம் என்பது என் கருத்து. வளைந்த சட்டமுள்ள வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 'பாரத் நிலை 6' டீசல் வண்டிகளில் இன்னொரு விஷயம் உண்டு. அவற்றின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அவ்வப்போது அது 600° செ. அளவுக்குச் சூடேறி, சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு வண்டி நெடுஞ்சாலையில் சற்று நேரம் நிற்காமல் ஓட வேண்டும். தோட்டத்திலிருந்து மண்டிக்கு ஐந்து கிலோமீட்டர், திரும்ப ஐந்து என்று மட்டுமே ஓடுகிற வண்டியில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மாற்றுவதானால் செலவு அதிகம். உங்கள் ஓட்டம் குறுகியதானால், 2020-க்கு முந்தைய, நன்கு பராமரித்த வண்டியே பொருத்தம். ஆனால் சரக்கு வண்டி எட்டாண்டைக் கடந்துவிட்டால், இரண்டு ஆண்டுக்கொருமுறை எடுக்கும் எப்.சி.யை ஆண்டுதோறும் எடுக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்துள்ளவற்றோடு நீங்களே ஒப்பிடுங்கள். வங்கிக் கடனோ நிதி நிறுவனக் கடனோ தீராதிருந்தால் ஆர்.சி.யிலேயே அது குறிக்கப்பட்டிருக்கும். அவர்கள் தடையில்லாச் சான்று கொடுக்கும்வரை முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம்.