கடலடிக் காட்சியும் கரை தேர்தலும்

நம் தர்மபுரி ஜில்லாவிற்குக் கடற்கரை இல்லை. மலையும் காடும் சூழ்ந்த இப்பகுதியில் நீர்விளையாட்டு என்றதும் நம் நினைவிற்கு வருவது ஒகேனக்கல்லே. அங்கே காவிரி பாறைகளினிடையே பல கிளைகளாய்ப் பிரிந்து வீழும் ஓசையும், பரிசலோட்டிகளின் திறமையும், எண்ணெய் தேய்த்து நீராடுவோர் கூட்டமும் நாம் நன்கறிந்தவை. அங்ஙனம் அறிந்த நீரிலேயே, மேற்பரப்பின் அமைதியை நம்பி இறங்கிச் சுழலிற்பட்டு உயிர்நீத்த இளைஞர் பலர். கடலையே காணாது வளர்ந்த நம் மாணவர் விடுமுறையில் தீவுகளுக்குச் சென்று கடலில் இறங்க விரும்புங்கால், இறங்குமிடத்தைத் தெரிந்தெடுக்கும் முறையை முன்னரே அறிந்திருத்தல் இன்றியமையாதது. அதனை ஈண்டுச் சுருக்கமாக விளக்கப் புகுகின்றோம்.

கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி முகமூடி, வாயிற் கவ்வும் வளைந்த சுவாசக் குழாய், காலில் அணியும் துடுப்பு ஆகிய இவற்றோடு நீர்மட்டத்திற் கவிழ்ந்து மிதந்தவாறே கடலடியை நோக்குதலை ஸ்நார்க்கலிங் என்பர். மன்னார்க் குடாவில் முத்துக்குளித்தோர் கல்லின் பாரத்தால் ஆழத்திற் சென்று மூச்சடக்கிச் சிப்பி எடுத்தனர். இதற்கோ மிதக்கத் தெரிந்தாற் போதும். ஆயினும் இதிலும் இரண்டு பௌதிக உண்மைகளை மனத்திற் கொள்ளல் வேண்டும். முதலாவது, ஒளி நீரினின்று முகமூடிக்குள் உள்ள காற்றிற் புகுங்கால் வளைகின்றமையால், நீருள் இருக்கும் பொருள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு பெரிதாகவும், உள்ள தூரத்தின் முக்காற் பங்கிலேயே இருப்பதாகவும் தோன்றும். காலுக்கு எட்டும்போலக் காணப்படும் தரை உண்மையில் எட்டாதிருக்கலாம். இரண்டாவது, குழாயை நீளமாக்கினால் ஆழத்திற் செல்லலாமே எனச் சிலர் எண்ணுவர். 10 மீட்டர் ஆழத்திற்கு ஒரு வாயுமண்டல அழுத்தம் மிகுகின்றது. ஆதலின் ஒரு மீட்டர் ஆழத்திலேயே மார்பின்மேல் அழுத்தும் நீர், மூச்சை உள்ளிழுத்தலைப் பெரிதும் தடுக்கும். அன்றியும், விட்ட மூச்சே நீண்ட குழாயில் தங்கி மீண்டும் உட்புகும். எனவே குழாய் குறுகியதாகவே இருத்தல் வேண்டும்.

இனி, கரையின் இயல்பைக் காண்போம். பவளப் பாறைகளைக் கரையோரப் பாறை, தடுப்புப் பாறை, வளையத் தீவு என மூவகையாக டார்வின் 1842-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். தொடக்கநிலையினர்க்கு ஏற்றது கரையோரப் பாறையே. அது நிலத்தை ஒட்டி வளர்ந்து, வெளியே வரும் அலையைத் தானே தாங்கி உடைக்கின்றது. பாறைக்கும் கரைக்கும் இடையே ஆழங் குறைந்த அமைதியான நீர் தேங்கி நிற்கின்றது. மணற்பாங்கான இறங்குதுறையும் உடனிருப்பின் அவ்விடம் மிக நன்று.

நமக்கு அண்மையிலுள்ள இலங்கைத் தீவு இதற்குத் தக்க உதாரணமாகும். அதன் தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவை கரையோரப் பாறை சூழ்ந்த ஆழமற்ற நீரையுடையது. கடலாமைகள் அங்குக் கரையருகே வருவதுண்டு. 2002-ஆம் ஆண்டில் அது தேசியப் பூங்காவாக்கப்பட்டது. மாத்தறையைச் சேர்ந்த போல்ஹேனவும் இத்தகையதே. கிழக்குக் கரையில் மட்டக்களப்பிற்கு வடக்கே உள்ள பாசிக்குடா, நெடுந்தூரம் நடந்தும் ஆழம் மிகாத குடாவாதலின் மிதந்து பழகுதற்கு உகந்தது. நிலாவெளிக்கு எதிரே சுமார் ஒரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள புறாத்தீவிற்குப் படகிற் செல்லல் வேண்டும். பழகிய பின்னரே அங்குச் செல்லல் நலம்.

இடத்தைப் போலவே காலமும் கருதத்தக்கது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்கால் ஹிக்கடுவைக் கடல் கொந்தளிக்கும். அப்போது கிழக்குக் கரை அமைதியாயிருக்கும். வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் நிலைமை மாறும். ஆகவே ஜனவரியில் குழந்தையும் இறங்கத்தக்க துறை, ஜூலையில் தேர்ந்த நீச்சலனுக்கும் ஆபத்தாகலாம்.

கரையை அடைந்தவுடன் நீரிற் பாய்தல் தகாது. சிறிது நேரம் நின்று நோக்குக. பாறையைக் கடந்து உள்ளே வந்த நீர் எவ்வழியேனும் திரும்பிச் செல்லவேண்டுமன்றோ? அது பாறையின் இடைவெளியொன்றின் வழியாக விரைந்து கடலை நோக்கி ஓடும். இருபுறமும் அலை நுரைத்து உடைய, நடுவே அலை உடையாது கலங்கலாய்த் தோன்றும் ஒரு வழி காணப்படின் அதுவே அவ்வோட்டம். அறியாதார் அவ்வமைதியையே நாடி இறங்குவர். ஒருகால் அதிற் சிக்கின், அதனை எதிர்த்து நீந்திக் களைத்தல் கூடாது; மிதந்தவாறே கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகிய பின்னரே கரையை நோக்கித் திரும்பல் வேண்டும். அவ்வூர் மீனவரை வினவுதல் எல்லாவற்றினும் சிறந்தது. ஒகேனக்கல்லில் பரிசலோட்டி அறிந்ததை நாம் அறியோம், கடலிலும் அவ்வாறே. நீந்தத் தெரியாதார் மிதவைச் சட்டை அணிக; தெரிந்தாரும் தனியே இறங்கற்க.

முடிவாக ஒன்று கூறுவோம். பவளம் வெறுங் கல்லன்று. நுண்ணிய உயிர்கள் பலகாலம் கூடிக் கட்டிய வீடு. அதன்மேற் கால் வைத்தால் அவ்வுயிர்கள் மடியும்; கடல் முள்ளெலியின் முள் நம் காலையும் தைக்கும். 1998-ஆம் ஆண்டில் கடல் வழக்கத்தினும் வெப்பமுற்றபோது ஹிக்கடுவைப் பவளங்களிற் பெரும்பகுதி வெளிறி அழிந்தது. நம் மன்னார்க் குடாவின் 21 தீவுகளும் 1986-ஆம் ஆண்டு முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன; அனுமதியின்றி அத்தீவுகளில் இறங்குதல் தடுக்கப்பட்டுள்ளது. அத்தடை நன்மைக்கே என உணர்ந்து நடத்தல் கற்றோர் கடமை. காணத்தக்கதைக் கண்டு, தொடத்தகாததைத் தொடாது, சென்றவர் அனைவரும் நலமே மீளுதல் வேண்டுமென்பதே நம் விருப்பம்.