மௌனம் சொல்லும் சாட்சி

கோயில் திருவிழாவொன்றில் நாதசுரக் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தேன். ஒத்து ஊதிய சிறுவன், களைப்போ உறக்கமோ, ஒரு கணம் நிறுத்திவிட்டான். அதுகாறும் எவரும் செவிகொடாதிருந்த அந்த ஒற்றைச் சுரம் நின்றதும் கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஒத்து என்ன செய்கிறது என்பதை அன்றுதான் நான் அறிந்தேன்.

மனித கலத்தினுள்ளே ஏறக்குறைய 20,000 பரம்பரையலகுகள் புரதங்களை ஆக்குவதற்குரிய கட்டளைகளைத் தாங்கியுள்ளன. இவற்றுள் ஒன்றன் தொழில் யாதென அறிய விழையும் விஞ்ஞானி கையாள்வதும் இதே வழிதான். அதனை மட்டும் வாயடைக்கச் செய்து, கலத்துக்கு என்ன நேர்கிறது என்று பார்க்கிறான். பரம்பரையலகு கருவினுள் இருந்தபடியே ஆர்.என்.ஏ. என்னும் ஓலையை வெளியே அனுப்புகிறது. அந்த ஓலையைப் படித்தே புரதம் ஆக்கப்படுகிறது. ஓலை வழியிற் கிழிக்கப்படுமாயின் கட்டளை நிறைவேறாது.

கிழிக்கும் வித்தை தற்செயலாகவே கைக்கு வந்தது. 1990இல் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் ஜோர்கென்சனும் துணைவர்களும் பெற்றூனியா மலரின் ஊதா நிறத்தை ஆழமாக்க விரும்பி, நிறப்பொருளுக்குரிய பரம்பரையலகின் மேலதிகப் பிரதியொன்றைச் செடியினுட் புகுத்தினர். பல செடிகளிற் பூக்கள் வெள்ளை வெளேரென்று மலர்ந்தன! 1998இல் அன்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெலோ என்போர், ஒரு மில்லிமீற்றர் நீளமேயுள்ள புழுவிலே இரட்டைப்பட்டு ஆர்.என்.ஏ.யைச் செலுத்தினால், அதனோடு எழுத்தொத்த ஓலை அழிந்துபோவதைக் காட்டி இந்த விந்தையை விளக்கினர். 2006இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2001இல் ஜேர்மனியிலே தோமஸ் டுஷ்ல் குழுவினர், 21 எழுத்து நீளமுள்ள சிறு துண்டுகளைக் கொண்டு மனித கலங்களிலும் இதனைச் செய்து காட்டினர்.

ஆயினும் அந்தத் துண்டுகள் சில நாட்களே பயன் தந்தன. கலம் பிரியப் பிரிய அவை ஐதாகிப் போயின. மௌனம் நிலைக்க வேண்டுமாயின், துண்டை ஆக்கும் கட்டளையையே நிறமூர்த்தத்தினுள் எழுதிவிட வேண்டும். அவ்வாறு எழுதவல்லவர் யார்? கோடானுகோடி ஆண்டுகளாக வைரசுகள் செய்து வருவது அதைத்தானே!

இங்கேதான் என் மாணவியொருத்தி இடைமறித்தாள். “ஐயா, எயிட்ஸ் நோயைத் தரும் வைரசையா ஆய்வுகூடத்தில் வளர்க்கிறார்கள்?” என்றாள். ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். 1996இல் சால்க் நிறுவனத்தில் லூய்ஜி நல்தினி முதலியோர் அந்த வைரசைப் பிரித்து எடுத்து, வேண்டியவற்றை மட்டும் வைத்துக்கொண்டனர். கலத்தினுட் புகுந்து நிறமூர்த்தத்தில் இணையும் ஆற்றல் காக்கப்பட்டது. பெருகுவதற்கான கட்டளைகள் சரக்கிலிருந்து நீக்கப்பட்டன. அதன் சொந்த மேலுறைக்குப் பதிலாக, மாடு குதிரைகளின் வாயிற் கொப்புளம் உண்டாக்கும் வேறொரு வைரசின் உறை போர்த்தப்பட்டது. பிரியாத நரம்புக் கலங்களிலும் இது நுழைந்தது.

வேலை நடக்கும் முறையைச் சொல்கிறேன். வைரசின் உறுப்புகளுக்குரிய கட்டளைகள் தனித்தனி டி.என்.ஏ. வளையங்களிற் பிரிந்திருக்கும். சரக்கு இன்னொரு வளையத்தில் இருக்கும். எல்லாவற்றையும் 293ரி எனப்படும் மனித கலங்களுக்கு ஒருசேர ஊட்டினால், இரண்டொரு நாளில் வைரசுகள் ஊடகத்திற் கசிந்து வரும். அதை வடித்து, ஆராயப்படும் கலங்களின்மீது ஊற்றுவர். பின்னர் பியூரோமைசின் என்னும் நஞ்சை இடுவர். சரக்கைப் பெற்ற கலங்களே அதற்குத் தப்பும். சரக்கு ஆக்கும் ஆர்.என்.ஏ. கொண்டை ஊசி போல் மடிந்திருக்கும். டைசர் என்னும் நொதியம் அதன் வளைவை வெட்ட, எஞ்சிய துண்டு எழுத்தொத்த ஓலையைத் தேடிக் கண்டு அழிக்க வழிகாட்டும். ‘மௌனமாக்கல்’ என்று நாம் எழுதிவந்தாலும், முழு மௌனம் கிட்டுவது அரிது. குரலைத் தாழ்த்தல் என்பதே பொருத்தமான சொல்லென்பேன்.

2002இல் அம்ஸ்ரடாமில் ரெனே பெர்னார்ட்ஸ், ரூவன் அகாமி குழுவினர், வைரசு சுமந்த ஊசியொன்றால் கணையப் புற்றுநோய்க் கலங்களிற் பிழைபட்ட கே-ராஸ் பரம்பரையலகை மட்டும் அடக்கினர். ஓரெழுத்தே வேறான நல்ல பிரதி தப்பியது. கலங்களோ கட்டி உண்டாக்கும் திறனை இழந்தன. இதன் பின் ஆயிரக்கணக்கான ஊசிகள் கொண்ட களஞ்சியங்கள் எழுந்தன.

ஆனால் மௌனம் பொய்ச்சாட்சியும் சொல்லும். துண்டின் தொடக்கத்தில் உள்ள ஏழெட்டு எழுத்துகள் ஒத்துவிட்டாற் போதும், தொடர்பற்ற ஓலைகளும் அடங்கிப்போகும். ‘மெல்க்’ என்னும் பரம்பரையலகு இதற்குக் கொடிய உதாரணம். அதை ஊசியால் அடக்கினாற் புற்றுநோய்க் கலங்கள் மடிகின்றன என்று கட்டுரைகள் பல வந்தன. அதைத் தாக்குவதாகக் கருதப்பட்ட மருந்தொன்று நோயாளரிடமும் பரிசோதிக்கப்பட்டது. 2017இல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ஜேசன் ஷெல்ட்சரின் ஆய்வுகூடம், கிரிஸ்பர் முறையால் அந்தப் பரம்பரையலகையே சிதைத்துப் பார்த்தது. கலங்கள் யாதொரு குறையுமின்றி வளர்ந்தன! மெல்க் இல்லாத கலங்களையும் அந்த மருந்து கொன்றது. இந்த ஆய்வில் முன்னின்றவருள் மாணவர்கள் இருந்தனர் என்பதை என் வகுப்பில் அழுத்தியே சொன்னேன்.

ஒரே பரம்பரையலகுக்கு வெவ்வேறு ஊசிகள் பலவற்றை இட்டு ஒப்பிடுவது இப்போது வழக்கம். அதனினும் நேர்மையான சோதனை ஒன்றுண்டு. ஊசி பற்றாதவாறு சில எழுத்துகளை மாற்றி, அதே புரதத்தை ஆக்கும் பிரதியைக் கலத்துக்குத் திருப்பிக் கொடுப்பர். குறை நீங்கினால் அது அந்தப் பரம்பரையலகின் குறை. நீங்காவிடின் குற்றம் வேறெங்கோ இருக்கிறது.

மாணவி சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு, “அந்த மருந்தை உட்கொண்டவர்கள், ஐயா?” என்று கேட்டாள். தங்கள் உடலில் அது எதைத் தாக்கியது என்பதை அவர்களும் அறியார், கொடுத்தவர்களும் சரியாக அறிந்திருக்கவில்லை என்றுதான் என்னாற் சொல்ல முடிந்தது.