மாசி வெயில் சுடுறதுக்குள்ள ஒரு ரவுண்டு... மதுரை டு கன்னியாகுமரி கடலோர ரோடு ட்ரிப் பிளான்!

நம்ம பஞ்சாங்கப்படி இளவேனில்னா சித்திரையும் வைகாசியும். அதை நம்பி ஏப்ரல் கடைசியில ராமநாதபுரம் பக்கம் கார் எடுத்துட்டுப் போனீங்கன்னா, ஸ்டீயரிங்கைத் தொடவே துண்டு வேணும். தென்கோடித் தமிழ்நாட்டுக்கு நிஜமான வசந்தம் மாசியும் பாதிப் பங்குனியும்தான். அதாவது பிப்ரவரி நடுவுலேர்ந்து மார்ச் கடைசி வரைக்கும். மழை முடிஞ்சிருக்கும், மன்னார் வளைகுடா அமைதியா இருக்கும், காலை நேரம் இன்னும் இதமா இருக்கும். இன்னொரு முக்கியமான காரணமும் உண்டு. கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அதுக்கு முன்னாடி போனாதான் தட்டுல விழுற மீனுக்கும் விலைக்கும் நியாயம் கிடைக்கும்.

ரூட் இதுதான்: மதுரை, ராமேஸ்வரம், தனுஷ்கோடி, தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு, கன்னியாகுமரி, திரும்ப மதுரை. மொத்தம் சுமார் 800 கிலோமீட்டர். கூகுள் மேப்ஸ்ல போட்டுப் பார்த்தா, "அட, ரெண்டு நாள்ல முடிச்சுடலாமே"ன்னு தோணும். தயவுசெய்து முடிக்காதீங்க. இது ஆறு நாள் ட்ரிப். ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டருக்கு மேல ஓட்டக் கூடாது, கடைசி நாள் மட்டும் விதிவிலக்கு.

சென்னைலேர்ந்து கார்ல கிளம்பாதீங்க!

ரோடு ட்ரிப் கட்டுரையில இப்படிச் சொல்றது விநோதமா இருக்கலாம். ஆனா நம்ம ஊர்ல ட்ரிப் எப்படி ஆரம்பிக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க. முழு நாள் ஆபீஸ், ராத்திரி பத்து மணிக்கு வீட்டுல சாப்பாடு, பதினொண்ணு மணிக்குக் கார்ல ஏறி, "விடியறதுக்குள்ள மதுரை"ன்னு ஒரு சபதம். 460 கிலோமீட்டரை ஒரே ஆள் ஓட்டுவார். மத்தவங்க தாம்பரம் தாண்டுறதுக்குள்ள தூங்கிடுவாங்க.

நம்ம உடம்புக் கடிகாரத்துக்கு ராத்திரி 2 மணியிலேர்ந்து காலை 6 மணி வரை தூக்கம் உச்சத்துல இருக்கிற நேரம். மதியம் 2 டு 4 இன்னொரு சரிவு. 80 கிலோமீட்டர் வேகத்துல போற கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் நகரும். கண் மூணே விநாடி சொக்கினாலும், 66 மீட்டர் தூரத்துக்கு வண்டியை யாரும் ஓட்டலைனு அர்த்தம். முன்னாடி லைட் எரியாத டிராக்டர் நின்னா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை. பாட்டைச் சத்தமா வைக்கிறது, ஜன்னலை இறக்குறது எல்லாம் சில நிமிஷ சமாளிப்புதான். காபிகூட வேலை செய்ய இருபது, முப்பது நிமிஷம் ஆகும். அதனால தூக்கம் வந்தா செய்ய வேண்டியது ஒண்ணுதான். பங்க்லயோ டோல் பிளாசா பக்கத்துலயோ பாதுகாப்பா ஓரம் கட்டி, ஒரு காபி குடிச்சிட்டு, அது வேலை செய்யறதுக்குள்ள இருபது நிமிஷம் தூங்குங்க.

இதைவிட நல்ல வழி, சனிக்கிழமை ராத்திரி ரயில். எழும்பூர்ல பாண்டியன் எக்ஸ்பிரஸ் மாதிரி ஒண்ணுல ஏறினா விடியற்காலை மதுரை. பல் தேய்ச்சு, இட்லி சாப்பிட்டு, அங்கேயே ஒரு வாடகைக் காரை எடுத்துக்கலாம். 900 கிலோமீட்டர் ஹைவே அலைச்சல் மிச்சம்.

வாடகைக் கார்னதும் ஒரு எச்சரிக்கை. செல்ஃப் டிரைவுக்குச் சட்டப்படி பதிவான வண்டியோட நம்பர் பிளேட் கறுப்பா இருக்கும், எழுத்து மஞ்சளா இருக்கும். "தெரிஞ்ச பையன் தர்றான், 500 ரூபாய் கம்மி"ன்னு வெள்ளை போர்டு சொந்தக் காரை வாடகைக்கு எடுத்தீங்கன்னா, நடுவுல ஏதாவது இடிச்சா இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிச்சுடலாம். அப்புறம் அந்த 500 ரூபாய் பல லட்சமாத் திரும்பி வரும். வண்டியை வாங்கும்போது நாலு பக்கமும், டயர், ஸ்டெப்னி, பெட்ரோல் முள், கிலோமீட்டர் ரீடிங் எல்லாத்தையும் வீடியோ எடுத்து, அங்க நிக்கும்போதே ஓனருக்கு வாட்ஸ்அப் பண்ணிடுங்க. டெபாசிட் திரும்ப வர்றதுக்கு அந்த ஒரு நிமிஷ வீடியோதான் சாட்சி.

செலவுக் கணக்கு சிம்பிள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தர்ற காருக்கு 800 கிலோமீட்டருக்கு சுமார் 53 லிட்டர். 100 ரூபாய்னு வெச்சாலும் 5,300. நாலு பேர் பிரிச்சா ஆளுக்கு 1,325. பெட்ரோலைவிட ரூம் வாடகையும் பரோட்டாவும்தான் பர்ஸைக் காலி பண்ணும்.

ஏன் இந்தத் திசை?

கன்னியாகுமரியில ஆரம்பிச்சு ராமேஸ்வரத்துல முடிக்கலாமேன்னு கேட்கலாம். முடிக்கலாம். ஆனா ராமேஸ்வரத்துலேர்ந்து தெற்கு நோக்கி வந்தா கடல் எப்பவும் உங்க இடது கைப் பக்கம். நாம இடது பக்கம் ஓட்டுற நாடு. கடல் தெரிஞ்ச இடத்துல ரோட்டைக் கடக்காம அப்படியே ஓரங்கட்டலாம். தென்மேற்கா ஓட்டுறதால காலை வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். சாயங்காலம் மட்டும் சூரியன் நேரா கண்ணுக்குள்ள குத்தும். அதனால காலை ஆறு மணிக்குக் கிளம்பி, மதியச் சாப்பாட்டுக்குள்ள அன்னைக்கு ஓட்ட வேண்டியதை முடிச்சுடுங்க. மீதி நாள் முழுக்க உங்களோடது.

ஞாயிறு காலை மதுரையில கிளம்புறது இன்னொரு கணக்கு. ஞாயிறு, திங்கள் ராமேஸ்வரம், செவ்வாய் தூத்துக்குடி, புதன் திருச்செந்தூர், வியாழன் கன்னியாகுமரி, வெள்ளி ராத்திரி மதுரையில ரயில். முருகனுக்கு உகந்த செவ்வாய்க்கிழமையிலும் வார இறுதியிலும் திருச்செந்தூர்ல காரை நிறுத்த இடம் தேடுறதே ஒரு வேண்டுதல் மாதிரி ஆகிடும். ரூம் போடுறதுக்கு முன்னாடி காலண்டரையும் ஒருமுறை புரட்டிடுங்க. மகா சிவராத்திரி, மாசி அமாவாசைன்னா ராமேஸ்வரம் நிரம்பி வழியும். மாசித் திருவிழான்னா திருச்செந்தூர். பங்குனி உத்திரத்துக்கு நெல்லை, தூத்துக்குடி மாவட்டக்காரங்க எங்க இருந்தாலும் குலதெய்வ சாஸ்தா கோயிலுக்கு வந்துடுவாங்க, அந்த ரெண்டு மூணு நாள் ரோடு, ரயில், ரூம் எதுவும் உங்களுக்குக் கிடைக்காது.

ராமேஸ்வரம்: ரெண்டு ராத்திரி கட்டாயம்

மதுரையிலேர்ந்து சுமார் 170 கிலோமீட்டர். பாம்பன் ரோடு பாலத்துல எல்லாரும் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுப்பாங்க, பின்னாடி டிராஃபிக் ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருக்கும். நீங்க பாலத்தைத் தாண்டி, பாம்பன் ஊருக்குள்ள இறங்கிக் கரையிலேர்ந்து பாருங்க. 1914-ல திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்துலயே கட்டி 2025-ல திறந்த, நடுவுல லிஃப்ட் மாதிரி செங்குத்தா உயரும் புதுப் பாலம் தெரியும்.

தனுஷ்கோடிக்கு ரெண்டாவது நாள் விடியற்காலையே போயிடுங்க. 1964 டிசம்பர் புயல்ல ஒரே ராத்திரியில அழிஞ்ச ஊர் அது. பயணிகளோட வந்த ரயிலையே அலை இழுத்துட்டுப் போச்சு. இடிஞ்ச சர்ச்சுக்கு முன்னாடி ரீல்ஸ் எடுக்கும்போது இதை ஞாபகத்துல வெச்சுக்கங்க. அங்கேர்ந்து அரிச்சல்முனை வரைக்கும் இப்போ நல்ல தார் ரோடு இருக்கு, 2017-ல போட்டது. தங்க இடம் கிடையாது, இருட்டுறதுக்கு முன்னாடியே எல்லாரையும் வெளியே அனுப்பிடுவாங்க. ரெண்டு கடலும் சேர்ற இடத்துல அடியில நீரோட்டம் மோசம். நீச்சல் தெரிஞ்சவங்களும் கால் நனைக்கிறதோட நிறுத்திக்கணும். ரோட்டை விட்டு மணல்ல காரை இறக்கினா, தூக்கி விட ஆள் தேடி அரை நாள் போயிடும்.

போற வழியில கோதண்டராமர் கோயில் பக்கம் ஆழம் குறைஞ்ச தண்ணியில பூநாரைகள் நிக்குதான்னு பாருங்க. குளிர்காலத்துல வந்து மார்ச் வாக்குல கிளம்பற விருந்தாளிகள். கடைகள்ல பவளப்பாறைத் துண்டை நீட்டுனா வாங்காதீங்க. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வெச்சிருக்கிறதே குற்றம்.

யாரும் போகாத ரோடு

இந்த ட்ரிப்போட உயிரே மூணாவது நாள்தான். தூத்துக்குடிக்கு மேப்ஸ் என்ன ரூட் காட்டினாலும், நீங்க ராமநாதபுரத்துலேர்ந்து கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார், குளத்தூர்னு கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிங்க. சுமார் 180 கிலோமீட்டர். ரெண்டு பக்கமும் பனை, சீமைக்கருவேலம், வெயில். பார்க்க ஒண்ணுமில்லையேன்னு முதல் அரை மணி நேரம் தோணும். அப்புறம் கண்ணு பழகிடும்.

கீழக்கரையில நிறுத்துங்க. பழைய ஜும்மா பள்ளிவாசல் கல்தூண்களோட, நம்ம கோயில் மண்டபம் மாதிரியே இருக்கும். அனுமதி கேட்டு, தொழுகை நேரம் இல்லாதப்போ பாருங்க. பக்கத்துக் கடையில தொதல் வாங்குங்க. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து மணிக்கணக்குல கிண்டின கறுப்பு இனிப்பு. இலங்கையிலயும் மலேசியாவுலயும் இதே சாமான் 'தொதொல்', 'டோடோல்'னு கிடைக்குது. கீழக்கரைக்காரங்களோட கடல் வியாபாரம் எதுவரை போச்சுன்னு நாக்கே சொல்லிடும்.

இந்த ரோட்டுல மூணு வில்லன்கள். பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர், திடீர்னு குறுக்கே வர்ற ஆட்டு மந்தை, மதியம் ரெண்டு மணிக்கு மேல சாப்பாடு கிடைக்காத ஊர்கள். முதல் ரெண்டுக்கும் 60-ஐத் தாண்டாம ஓட்டுறதுதான் மருந்து. மூணாவதுக்கு, தண்ணி பாட்டிலும் வாழைப்பழமும் டிக்கியில போடாம கையெட்டுற தூரத்துல வைங்க.

பங்குனி வாக்குல பதநீர் சீசன் சூடு பிடிச்சிடும். காலை ஒன்பது மணிக்குள்ள குடிச்சாதான் ருசி, நேரம் ஆக ஆகப் புளிக்க ஆரம்பிச்சிடும். பனை ஓலைப் பட்டையில ஊத்திக் கொடுத்தா ஒரு சொட்டு கீழ சிந்தாம குடிக்கிறது தனிக் கலை. வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போகாதீங்க.

தூத்துக்குடியை நெருங்கும்போது ரோட்டோரமா உப்பளங்கள். மழைக்காலம் முடிஞ்சு, இந்த மாசங்கள்லதான் புது உப்பு எடுக்க ஆரம்பிப்பாங்க. வெயில் ஏறினா உப்புல பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் கண்ணைக் கெடுத்துடும்கிறதால வேலை விடியறதுக்கு முன்னாடியே தொடங்கிடும். மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனா பார்க்கலாம். அது ஒருத்தரோட வேலையிடம், நம்ம போட்டோ ஷூட் பேக்ரவுண்ட் கிடையாது. கேட்டுட்டு உள்ள போங்க, சேர்த்து வெச்ச உப்புக் குவியல் மேல ஏறாதீங்க. மீனவக் கிராமத்துல காயப்போட்ட வலைக்கும் இதே ரூல்.

ராத்திரிக்கு பரோட்டா, சால்னா. மக்ரூன் வாங்குறவங்க கிளம்புற அன்னைக்கு வாங்கி, காத்துப் புகாத டப்பாவுல போடுங்க. கடல் காத்துக்கு அது நமுத்துப் போயிடும்.

மணப்பாடு, அப்புறம் முனை

தூத்துக்குடிலேர்ந்து கன்னியாகுமரி வரை சுமார் 130 கிலோமீட்டர்தான். அதை ரெண்டு நாளாப் பிரிங்க. திருச்செந்தூர்ல ரூம் போட்டுட்டு, சாயங்காலம் இருபது கிலோமீட்டருக்குள்ள இருக்கிற மணப்பாட்டுக்குப் போங்க. மணல் குன்று மேல திருச்சிலுவை ஆலயம், கீழே 16-ம் நூற்றாண்டுல புனித சவேரியார் தங்கினதாச் சொல்ற குகை, ஒரு பக்கம் கழிமுகம், ஒரு பக்கம் அலை. இந்த மொத்த ரூட்டுல ஒரே ஒரு இடம்தான் பார்க்கணும்னா என் ஓட்டு இதுக்குத்தான். போற வழியில வர்ற குலசேகரன்பட்டினத்துலதான் இஸ்ரோவோட ரெண்டாவது ராக்கெட் ஏவுதளம் வருது. உடன்குடி கருப்பட்டி வாங்குறதுன்னா இங்கதான். கிள்ளி வாயில போட்டுப் பாருங்க. வெறும் சர்க்கரைத் தித்திப்பு மட்டும் இருந்தா அடுத்த கடைக்கு நடங்க.

மறுநாள் உவரியில கப்பல் மாதா கோயிலைப் பார்த்துட்டு, கூடங்குளம் வழியா கன்னியாகுமரி. அணுமின் நிலையம் பக்கம் ட்ரோனை வெளியவே எடுக்காதீங்க. விவேகானந்தர் பாறையையும் 133 அடி வள்ளுவரையும் இணைக்கிற 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் கடைசியில திறந்ததுலேர்ந்து படகு க்யூ நீளம். முதல் படகுக்குப் போனா ஒரு மணி நேரம் மிச்சம்.

லீவு கம்மியா? தூத்துக்குடியோட நிறுத்திக்கங்க. புதன்கிழமை பாரதி பிறந்த எட்டயபுரம் வழியா மதியத்துக்குள்ள மதுரை வந்துடலாம். மூணு நாள் லீவுல முடியும். ஆறு நாள் பிளானை மூணு நாளுக்குள்ள அமுக்குறதுதான் கூடாது.

கன்னியாகுமரியிலேர்ந்து மதுரைக்கு என்.ஹெச். 44, சுமார் 245 கிலோமீட்டர். ஆரல்வாய்மொழிப் பக்கம் காத்தாடிகளுக்கு நடுவுல போகும்போது பக்கவாட்டுக் காத்து காரைத் தள்ளும், ஸ்டீயரிங்கை ரெண்டு கையால பிடிங்க. நாங்குநேரி பக்கத்துல நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினா கூந்தன்குளம். தண்ணி இருக்கிற வருஷங்கள்ல இந்த மாசங்கள்ல பறவைகள் கூடு கட்டி குஞ்சு பொரிச்சிருக்கும். ஊருக்கு வெளியில எங்கேயோ இல்ல, வீட்டு வாசல் மரத்துலயே நாரை கூடு! பறவைங்க பயந்துடும்னு இந்த ஊர்ல தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்க மாட்டாங்க. ஊர் எல்லையிலேயே காரை நிறுத்திட்டு, ஹார்ன் அடிக்காம நடந்து போங்க. காலை பத்து மணிக்குள்ள அங்கேர்ந்து கிளம்பினா, மதியத் தூக்கம் கண்ணைக் கட்டுறதுக்கு முன்னாடி மதுரை வந்து, வெளிச்சத்துலயே காரை ஒப்படைச்சுடலாம். அப்பவும் ஒரு வீடியோ எடுத்துக்கங்க.