காருக்குள் ஒரு கம்ப்யூட்டர்: த்ராட்டில் சென்சாரை நாமே சரி செய்திடலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், "எங்கள் வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் வந்துவிட்டது" என்று மகிழ்ச்சியுடன் சொல்வதுண்டு. வாசலில் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் கொண்ட கார் ஒன்று நின்றால், உங்கள் வீட்டில் முன்பே ஒரு கம்ப்யூட்டர் இருந்திருக்கிறது என்று பொருள். அதற்கு மானிட்டர் கிடையாது. கீ போர்டும் மவுஸும் கிடையாது. பெயர் இ.சி.யு. எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் தர வேண்டும் என்பதை ஒவ்வொரு நொடியும் பலமுறை கணக்கிட்டுச் சொல்வதே இதன் வேலை.

இந்தக் கம்ப்யூட்டருக்குத் தகவல் தரும் ஓர் எளிய சாதனம் த்ராட்டில் பொசிஷன் சென்சார். பழைய கார்களில் இதனைச் சோதித்து, தேவைப்பட்டால் சரி செய்வது எப்படி என்று இங்கு பார்ப்போம்.

கார்புரேட்டர் போய் கம்ப்யூட்டர் வந்தது

1998-ஆம் ஆண்டு நம் பகுதிக்கு முக்கியமான ஆண்டு. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ அந்த ஆண்டில்தான் வெளிவந்தது. ஆவடிக்கு அப்பால் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், மிட்சுபிஷியின் தொழில்நுட்பத்துடன் லான்சர் காரை அதே ஆண்டில் கொண்டு வந்தது. 2000-க்குப் பின் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, கார்புரேட்டர் மெல்ல விடை பெற்றது. அதன் இடத்தில் இன்ஜெக்டரும் அதனை இயக்கும் கம்ப்யூட்டரும் வந்தன.

வால்யூம் குமிழும் இதுவும் ஒன்றுதான்

ஸ்பீக்கரில் வால்யூம் குமிழைத் திருப்புகிறீர்கள் அல்லவா? அதனுள் வளைவான கார்பன் பட்டை ஒன்று உண்டு. அதன் மீது ஒரு சிறிய உலோக முள் ஊர்ந்து செல்லும். முள் நிற்கும் இடத்தைப் பொறுத்து வோல்டேஜ் மாறும். த்ராட்டில் சென்சாரும் இதே அமைப்புதான். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சினுக்குக் காற்று செல்லும் வழியில் உள்ள வட்டத் தகடு திறக்கிறது. அந்தத் தகட்டின் அச்சு, சென்சாருக்குள் உள்ள முள்ளைத் திருப்புகிறது.

சென்சாருக்குப் பொதுவாக மூன்று ஒயர்கள். ஒன்றில் கம்ப்யூட்டர் 5 வோல்ட் அனுப்பும். இன்னொன்று எர்த். மூன்றாவது சிக்னல். கால் வைக்காதபோது சிக்னலில் ஏறத்தாழ அரை வோல்ட் இருக்கும். முழுவதும் மிதித்தால் 4 வோல்ட்டைத் தாண்டும்.

கம்ப்யூட்டருக்கு வோல்ட் புரியாது, எண்தான் புரியும். எனவே இந்த வோல்டேஜ் எண்ணாக மாற்றப்படுகிறது. 10 பிட் அளவில் மாற்றினால் 0 முதல் 5 வோல்ட் வரை 1024 படிகள். ஒரு படி என்பது 5 மில்லி வோல்ட்டுக்கும் சற்றுக் குறைவு. அரை வோல்ட் என்பது 102 என்று பதிவாகும். "102 வந்தால் ஓட்டுநர் கால் வைக்கவில்லை" என்று புரோகிராம் புரிந்து கொள்கிறது.

எங்கள் வீட்டுக் கார் சொன்ன பாடம்

என் அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அம்பத்தூரிலிருந்து விடியற்காலையில் அப்பாதான் பழைய காரில் அழைத்துச் செல்வார். சென்ற ஆண்டு அந்தக் கார் ஒரு புதுப் பழக்கத்தைக் கற்றுக் கொண்டது. சிக்னலுக்காக ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் நின்றுவிடும். சி.டி.எச். சாலையில் பின்னால் கன்டெய்னர் லாரி வரும்போது, நடுச்சாலையில் கார் நின்றால் எப்படி இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். சிகிச்சை முடிந்து களைத்துத் திரும்பும் அம்மாவை, காரைத் தள்ளுவதற்காக இறங்கச் சொல்லவும் முடியாது.

ஒரு ஒர்க் ஷாப்பில், "கம்ப்யூட்டர் போய்விட்டது சார், மாற்ற 22,000 ரூபாய் ஆகும்" என்றார்கள். "அதற்குப் பேசாமல் வண்டியைத் தள்ளிவிடுங்கள்" என்ற யோசனையும் கிடைத்தது. விற்றுவிட்டால் விடியற்காலையில் ஆட்டோவைத் தேட வேண்டும். அப்பா ஒன்றும் சொல்லாமல் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்.

சாஃப்ட்வேர் வேலையில் நாங்கள் முதலில் கற்பது ஒன்று உண்டு. விடை தவறாக வந்தால் புரோகிராமைத் திட்டுவதற்கு முன் உள்ளே போகும் டேட்டாவைப் பார். ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிய டிஜிட்டல் மல்டிமீட்டருடன் காரின் பானெட்டைத் திறந்தேன். கால் வைக்காத நிலையில் சிக்னல் ஒயரில் 0.86 வோல்ட். எங்கள் காரின் சர்வீஸ் மேனுவல் கேட்பது 0.45 முதல் 0.55 வரை. அதாவது 102 என்று வர வேண்டிய இடத்தில் 176 போய்க் கொண்டிருந்தது!

டார்ச் அடித்துப் பார்த்ததில், திருகின் வாஷர் பதிந்த பழைய தடம் சற்றுத் தள்ளித் தெரிந்தது. யாரோ எப்போதோ சென்சாரைக் கழற்றி, இடம் மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள்.

176 என்ற எண்ணைப் பார்த்த கம்ப்யூட்டர், "ஓட்டுநர் இன்னும் லேசாக மிதித்துக் கொண்டிருக்கிறார்" என்று முடிவு செய்துள்ளது. எனவே எஞ்சின் நின்றுவிடாமல் தாங்கிப் பிடிக்கும் ஐடிலிங் கட்டுப்பாட்டை அது தொடங்கவே இல்லை. வார்னிங் விளக்கும் எரியவில்லை. ஏனெனில் 0.86 வோல்ட் என்பது நடக்கக் கூடாத எண் அல்ல. தவறான இடத்தில் வந்த சரியான எண்!

எப்படிச் சரி செய்வது?

கேம் விளையாடுபவர்கள் ஜாய்ஸ்டிக்கைக் கேலிபரேட் செய்திருப்பீர்கள். விண்டோஸின் கண்ட்ரோல் பேனலில் கேம் கண்ட்ரோலர் பகுதிக்குச் சென்று, "எது நடு நிலை, எது கடைசி" என்று கற்றுத் தருகிறோம். இங்கே செய்யப் போவதும் அதுதான். ஆனால் மவுஸுக்குப் பதில் ஸ்குரூ டிரைவர்.

1. உங்கள் கார் மாடலுக்கான சர்வீஸ் மேனுவலில் சரியான வோல்டேஜ் அளவைக் குறித்துக் கொள்ளுங்கள். அடுத்தவர் காரின் அளவு உங்கள் காருக்குப் பொருந்தாது.

2. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்ட நிலையில் இருக்கட்டும். ஆக்சிலரேட்டர் கேபிள் இழுத்துப் பிடிக்காமல், தகடு முழுவதும் மூடுகிறதா என்று பாருங்கள். அங்கே கரி படிந்திருந்தால் முதலில் சுத்தம் செய்திடுங்கள்.

3. சென்சாரைப் பிடித்திருக்கும் திருகுகளின் துளை நீள்வட்டமாக உள்ளதா? அப்படியானால் திருப்பி அமைக்கலாம். துளை வட்டமாகவே இருந்தால் அதில் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. அத்துடன் நிறுத்திக் கொள்ளுங்கள்.

4. சாவியை "ஆன்" நிலையில் வையுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். மீட்டரை 20 வோல்ட் டி.சி. அளவில் வைத்து, கறுப்பு முனையை எர்த்தில் வைத்திடுங்கள். கனெக்டரின் பின்புறமாக மெல்லிய ஊசி மூலம் ஒவ்வொரு ஒயரையும் சோதிக்கலாம். ஒயரின் உறையைக் குத்திக் கிழிக்க வேண்டாம். இரண்டு ஊசிகள் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. இது மிகவும் முக்கியம்.

5. சிக்னல் ஒயரில் முனையை வைத்துக் கொண்டு, தகட்டைக் கையால் மிக மெதுவாகத் திறந்திடுங்கள். வோல்டேஜ் சீராக ஏற வேண்டும். நடுவில் திடீரென விழுந்து எழுந்தால் உள்ளே கார்பன் பட்டை தேய்ந்துவிட்டது என்று பொருள். எவ்வளவு திருப்பினாலும் அது சரியாகாது. புதிய சென்சார்தான் தீர்வு.

6. ஏற்றம் சீராக இருந்து, தொடக்க அளவு மட்டும் தவறாக இருந்தால், சென்சார் இப்போது உள்ள இடத்தை மார்க்கரால் கோடிட்டுக் கொள்ளுங்கள். நீங்கள் ஒரு ஃபைலில் மாற்றம் செய்யும் முன் பேக் அப் எடுப்பது போன்றது இது.

7. இரு திருகுகளையும் சென்சார் அசையும் அளவிற்கு மட்டும் தளர்த்தி, மீட்டரைப் பார்த்தபடி மயிரிழை அளவில் திருப்புங்கள். சரியான எண் வந்தவுடன் திருகுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள். இறுக்கும்போது அளவு சற்று நகரும். எனவே மீண்டும் அளந்து பாருங்கள்.

8. சாவியை ஆஃப் செய்துவிட்டு மீட்டரை எடுத்திடுங்கள். பின் எஞ்சினை ஸ்டார்ட் செய்து நன்கு சூடாக விட்டு, ஏ.சி. போட்டும் போடாமலும் ஐடிலிங்கைக் கவனியுங்கள்.

சில எஞ்சின்களில் சென்சாருக்குள்ளேயே ஒரு ஐடில் சுவிட்ச் இருக்கும். அந்தக் காலத்து மிட்சுபிஷி எஞ்சின்கள் பலவற்றில், 0.65 மி.மீ. தடிமன் கொண்ட ஃபீலர் கேஜைத் த்ராட்டில் லீவருக்கும் ஸ்டாப் திருகுக்கும் இடையில் வைத்து, சுவிட்ச் விடுபடும் இடத்தில் சென்சாரை நிறுத்துவது முறை.

செய்யக் கூடாதவை

ஐடிலிங் சரியில்லை என்றவுடன் தகடு மூடும் இடத்தில் உள்ள ஸ்டாப் திருகைத் திருப்புவது பலருடைய வழக்கம். அது தொழிற்சாலையிலேயே செட் செய்யப்பட்டது, தொடாதீர்கள்.

உங்களுடையது புதிய காரா? கேபிளே இல்லாமல் மோட்டார் மூலம் த்ராட்டில் திறக்கும் வகை என்றால் இந்த வேலையே வேண்டாம். அதில் இரண்டு சென்சார்கள் ஒன்றையொன்று சரிபார்த்துக் கொண்டிருக்கும். அந்த மோட்டார் விரலையும் நசுக்கிவிடும்.

எங்கள் காருக்கு ஆன செலவு மீட்டர் வாங்கிய பணம் மட்டுமே. இப்போது 0.50 வோல்ட்டில் நிற்கிறது. மருத்துவமனை நாட்களில் அப்பா என்னை எழுப்புவதில்லை. அம்மாவுடன் அவரே கிளம்பிவிடுகிறார்.

உங்கள் காரிலும் "கம்ப்யூட்டர் போய்விட்டது" என்று யாரேனும் சொன்னால், "எந்த ஒயரில் எத்தனை வோல்ட் பார்த்தீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதிலாக ஓர் எண் வந்தால் அவரை நம்பி வண்டியைக் கொடுக்கலாம். எண் வராவிட்டால் முதலில் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள்.