சிறு பெட்டியில் புதிய இராணி: பொந்துத் தேனீயின் வளர்ப்பும் கருவுறலும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் உட்புறத்தில், பெரிய குளமும் வயலும் உலர்வலயக் காடும் சந்திக்கும் உன்னிச்சை, ‘மீன்பாடும் தேன்நாடு’ என்னும் வழக்கின் பிற்பாதிக்குப் பொருள் தரும் ஊர்களுள் ஒன்று. இத்தகைய காட்டில் பெருந்தேனீ உயர்ந்த கிளைகளிலும், கொம்புத் தேனீ புதர்க் கொம்புகளிலும் வெளிப்படையாக ஒற்றை வதை கட்ட, பொந்துத் தேனீ மட்டும் மரப்பொந்தின் இருளில் பல வதைகளை அடுத்தடுத்துக் கட்டுவதால், மண்முட்டியிலும் மரப்பெட்டியிலும் வைத்து வளர்க்க இணங்கியது அது ஒன்றே. ஐரோப்பியத் தேனீ நிலைபெறாத இலங்கையில் பெட்டித் தேனீ என்றால் பெரும்பாலும் இதையே குறிக்கும்.

ஒரு குடும்பத்தின் முட்டைகள் அனைத்தும் ஒரே இராணியிடமிருந்து வருவதால், அவள் மூப்படைந்தாலோ இறந்தாலோ பெட்டியின் கதி மாறிவிடும். ஆனால் இராணியாகப் பிறக்கவென்று தனி முட்டை ஏதும் இல்லை. வேலைக்காரத் தேனீயாக வேண்டிய அதே முட்டையிலிருந்து மூன்றாம் நாள் வெளிவரும் புழுவுக்கு, இளம் தேனீக்களின் தலைச் சுரப்பிகளில் ஊறும் பால் போன்ற அரசக்கூழை இடைவிடாது ஊட்டி, கச்சான் கோதை நிமிர்த்தித் தொங்கவிட்டாற்போன்ற பெரிய அறையில் வளர்த்தால், முட்டையிட்ட நாளிலிருந்து ஏறத்தாழ 16 நாளில் அது இராணியாக வெளியேறுகிறது. வேலைக்காரிக்கு அதைவிடச் சில நாட்கள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன.

இவ்வியல்பை முறைப்படுத்தி, மெழுகால் செய்த கிண்ணங்களில் சிறிது அரசக்கூழ் இட்டு, பிறந்து ஒரு நாள்கூட ஆகாத புழுவை மெல்லிய ஊசியால் எடுத்து அதில் வைத்து, இராணி நீக்கப்பட்ட வலுவான குடும்பத்தில் தொங்கவிடும் ‘புழு மாற்றல்’ என்ற செயல்முறையை அமெரிக்கரான கில்பர்ட் டூலிட்டில் 1889இல் வெளியிட்ட நூல் பரப்பியது. புழுவைத் தேர்ந்தெடுக்கும்போதே தாயையும் தேர்ந்தெடுத்துவிடுவதால், சாந்தமும் தேன்வளமும் உள்ள குடும்பத்தின் சந்ததியைப் பெருக்க இதுவே உறுதியான வழி. எனினும் ஐந்தாறு பெட்டி மட்டுமே உள்ளவருக்கு இவ்வளவு நுட்பம் மிகை. குடும்பம் பிரியும் பருவத்தில் தேனீக்கள் தாமாகக் கட்டும் இராணி அறைகளை வதையோடு வெட்டி எடுப்பதே போதும். ஒன்றை மட்டும் மறக்கலாகாது: அடிக்கடி பிரியும் குடும்பமே அத்தகைய அறைகளை அதிகம் தருவதால், அந்த வழியையே ஆண்டாண்டாகப் பின்பற்றுபவர் பிரிந்தோடும் குணத்தையும் சேர்த்தே வளர்ப்பவராகிறார்.

புழு மாற்றிய ஒன்பதாம் அல்லது பத்தாம் நாளில், நுனி மெழுகு அகற்றப்பட்டுப் பழுப்பு நிறம் தெரியும் ஒவ்வோர் அறையையும் தனித்தனிக் ‘கருவுறு பெட்டி’க்கு மாற்ற வேண்டும், தாமதித்தால் முதலில் வெளியேறும் இராணி மற்றவர்களை அறைக்குள்ளேயே கொன்றுவிடுவாள். இரண்டு மூன்று சிறு சட்டங்களும், சிறிது தேனும் மகரந்தமும், இளம் தேனீக்கள் கொஞ்சமும் கொண்ட இப்பெட்டியின் சிறுமையே அதன் பயன், ஏனெனில் ஓர் இராணி தவறினாலும் பெருங் குடும்பம் எதுவும் பாழாவதில்லை. அதன் பலவீனமும் அச்சிறுமையே, ஏனெனில் எறும்பும் திருட்டுத் தேனீயும் அதை எளிதில் வெல்ல, இன்னல் கண்டவுடன் கூட்டை விட்டோடும் இயல்புடைய பொந்துத் தேனீ ஒருநாள் பெட்டியைக் காலியாக்கிப் போய்விடும். ஆகவே வாசலை ஒரு விரலளவுக்குச் சுருக்குவதும், பெட்டியின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்துவதும், இளம் புழுவுள்ள வதைத்துண்டு ஒன்றை உள்ளே வைப்பதும் தவிர்க்க முடியாதவை. புழு இல்லாத நிலை நீண்டால் இவ்வினத்து வேலைக்காரிகள் ஐரோப்பியத் தேனீயைவிட விரைவாகத் தாமே முட்டையிடத் தொடங்குவர். கருவுறாத அம்முட்டைகளிலிருந்து ஆண் தேனீக்களே பிறக்கும். ஒரே தோற்றமுள்ள பெட்டிகளை அருகருகே வைத்தால், திரும்பி வரும் இராணி வாசல் மாறி நுழைந்து உயிரிழப்பதும் உண்டு.

இதுவரை எல்லாம் வளர்ப்பவரின் கையில் இருந்தது, கருவுறல் அவ்வாறன்று. வெளியேறிச் சில நாட்களான இராணி வானில் பறந்தே இணை சேர்வாள். மூவகைத் தேனீயின் இராணிகளும் ஆணை ஈர்க்க ஒரே வேதிப்பொருளையே முதன்மையாகச் சுரப்பதால், ஒரே காட்டில் அவை குழம்பாதிருப்பது எவ்வாறு என்ற வினாவுக்கு, இலங்கையில் கோனிகரும் விஜயகுணசேகரவும் மேற்கொண்டு 1976இல் வெளியிட்ட ஆய்வு விடை தந்தது. கொம்புத் தேனீயின் ஆண்கள் நண்பகலை ஒட்டியும், பொந்துத் தேனீயின் ஆண்கள் மாலை 4.15 முதல் 5.15 வரையும், பெருந்தேனீயின் ஆண்கள் பொழுது சாயும் 6 மணிக்குப் பின்னும் பறக்கின்றன. மணமல்ல, மணிக்கூடே இனங்களைப் பிரிக்கிறது. பொந்துத் தேனீயின் ஆண்கள் மரங்களின் உச்சித் தழைகளை ஒட்டிய வெளியில் திரள்கின்றன என்பதைப் புஞ்சிஹேவாவும் கோனிகர் இணையரும் இலங்கையிலேயே கண்டு 1990இல் எழுதினர். அங்கே இராணி பத்துக்கும் மேற்பட்ட ஆண்களுடன் சேர்கிறாள். சேர்ந்த ஆண் ஒவ்வொன்றும் இறக்க, பெற்ற விந்தைத் தன் உடலிலுள்ள பையில் சேமித்து வாழ்நாள் முழுதும் பயன்படுத்துகிறாள்.

பொந்துத் தேனீயின் ஆண்கள் பறக்கும் அந்த மாலை ஒரு மணி நேரம் உன்னிச்சை போன்ற இடத்தில் பெறும் முக்கியத்துவம் பெரிது. பருவக்காற்று மாறும் இடைக்காலத்தில் பிற்பகல் வெயிலுக்குப் பின் இடிமழை கொட்டுவது வழக்கமாதலால், காலை முழுதும் வானம் தெளிந்திருந்தாலும் இராணியின் நாள் வீணாகலாம். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து காடு பூக்கத் தொடங்கும் காலமே தகுந்தது. அதிலும் ஆண் தேனீக்கள் வளர்ந்து பறக்கும் வயதை அடைய ஒரு மாதத்துக்கு மேல் ஆவதால், இராணியைத் தொடங்குமுன் ஆண்கள் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். அதற்குப் பெட்டியைக் கலைக்கத் தேவையில்லை. பொந்துத் தேனீயின் ஆண் அறை மூடி கூம்பு வடிவில், நடுவே ஒரு நுண்துளையுடன் இருக்கும். அம்மூடிகள் பெட்டியின் அடிப்பலகையில் உதிர்ந்து கிடந்தால் ஆண்கள் வெளியேறுகின்றன என்பது பொருள்.

தந்தையர் யார் என்பதைக் காடே தீர்மானிக்கிறது. ஒரே குடும்பத்து ஆணும் இராணியும் சேர நேர்ந்தால், பால்நிர்ணய மரபணுவின் இரு படிகளும் ஒத்துப்போன புழுக்கள் இருமடிய ஆண்களாகப் பிறக்க, வேலைக்காரிகள் அவற்றைத் தின்றுவிடுவதால் வதை ஓட்டை ஓட்டையாகத் தோன்றும். சுற்றுக்காட்டின் பொந்துகளில் குடும்பங்கள் வாழும்வரை இக்குறை அரிது. மரத்தை வெட்டித் தீயிட்டுத் தேன் எடுப்பவர் அக்குடும்பங்களை அழிக்கும்போது, அயலிலுள்ள பெட்டிக்காரரின் இராணிகளுக்குரிய தந்தையரையும் சேர்த்தே அழிக்கிறார்.

பறந்து திரும்பிய இராணி சில நாட்களில் அறைக்கு ஒன்றாக, அடித்தளத்தின் நடுவில் முட்டையிட்டால் அவளைச் சிறு கூண்டில் அடைத்து, இராணி இல்லாத பெரிய குடும்பத்தில் அறிமுகப்படுத்தலாம். மூன்று வாரம் கடந்தும் பறக்க இயலாது போனவள் பெரும்பாலும் இனிக் கருவுறாள். அவள் இடுவனவெல்லாம் ஆண் முட்டைகளே என்பதை வேலைக்காரி அறைகளின் மேல் புடைத்தெழும் மூடிகள் காட்டிவிடும். அவளை நீக்கி, மிஞ்சிய தேனீக்களை அடுத்த பெட்டியோடு சேர்த்துவிடுவதே வழக்கம்.