ஊர்தியும் ஈட்டுத்தொகையும்

மேட்டூர் அணையின் நீர்மட்டம் 120 அடியைத் தொட்டு, உபரிநீர் மிகுதியாகத் திறக்கப்படும் நாள்களில் பவானியின் கரையோரத் தெருக்கள் உறங்குவதில்லை. காவிரியும் பவானியாறும் கூடும் அவ்வூரில் 2018 ஆகஸ்டிலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. மனிதர் மேட்டுக்கு ஏறிவிடலாம். வாயிலில் நின்ற மகிழுந்து மூழ்கினால் அதன் இழப்பை யார் ஏற்பது?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்குவது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே. அது பிறருக்கு நேரும் தீங்குக்கானது. தன் ஊர்தியின் சேதத்திற்கு அதிலிருந்து ஒரு காசும் வாராது. அதற்குத் தனியே சொந்தச் சேதக் காப்பீடு வேண்டும்.

'ஈடு' என்னும் சொல் சமம் என்றும் பொருள்படும். காப்பீட்டின் அடிப்படையும் அதுவே: இழந்ததற்குச் சமமாகக் கிடைக்கலாம், மிகுதியாகக் கிடைக்காது. மூன்றரை ஆண்டு ஓடிய மகிழுந்து ஒன்றின் உதிரிபாகங்களை மாற்ற 26,000 ரூபாய் ஆகிறது எனக் கொள்வோம். நெகிழி முகப்புத் தாங்கி 8,000. அதில் பாதி தேய்மானம். உலோகக் கதவு 12,000. அவ்வயதுக்குக் கால்பங்கு தேய்மானம். கண்ணாடி 6,000, அதற்குத் தேய்மானம் இல்லை. எஞ்சும் 19,000 ரூபாயில், சிறிய மகிழுந்தின் உரிமையாளர் கட்டாயமாக ஏற்க வேண்டிய 1,000 ரூபாயும் கழிந்து 18,000 கிடைக்கும். தேய்மானம் கழிக்காத கூடுதல் பாதுகாப்பைப் பெற்றவருக்கு இக்கணக்கு மாறும்.

இத்தொகையை உரிமையாளர் விருப்பம்போல் செலவிடலாமா? பெரும்பாலும் பணம் பழுதுபார்க்கும் பணிமனைக்கே நேராகச் செல்கிறது. அல்லது உரிமையாளர் செலவிட்டபின், பட்டியலின்பேரில் அவருக்குத் திரும்புகிறது. சில வேளைகளில், பழுதுபார்க்காமலேயே இழப்பை மதிப்பிட்டுப் பணமாகத் தரவும் நிறுவனம் இசையும். அப்பணத்தை மகளின் கல்லூரிக் கட்டணத்திற்குச் செலுத்தினாலும் கேட்பாரில்லை. ஆயினும், நசுங்கிய அதே கதவு மீண்டும் இடிபட்டால் பழைய சேதத்திற்கு இரண்டாம் முறை ஈடு கிட்டாது. பாதுகாப்பற்ற நிலையில் ஊர்தியைச் சாலையில் ஓட்டுவதோ தண்டனைக்குரியது.

பழுதுச் செலவு, காப்பீட்டில் அறிவிக்கப்பட்ட மதிப்பின் 75 விழுக்காட்டைக் கடந்தால் அது முழு இழப்பாகும். நான்கு இலட்சம் மதிப்புள்ள ஊர்திக்கு 3,20,000 ரூபாய் செலவாகுமெனில், சிதைவை நிறுவனத்திடம் ஒப்படைத்து 3,99,000 பெறலாம். ஆனால் பதிவுச் சான்றில் கடனளித்த வங்கியின் பெயர் இருந்தால் முதல் உரிமை வங்கிக்கே. 1,50,000 ரூபாய் கடன் நிலுவையில் இருப்பின் உரிமையாளர் கைக்கு வருவது 2,49,000தான். புது ஊர்தி வாங்கும் கனவு இங்கேதான் பலருக்கும் சுருங்குகிறது.

வெள்ளத்தில் நின்ற ஊர்தியை இயக்கிப் பார்க்கும் அவசரம் இதனினும் கொடிது. சிலிண்டருக்குள் புகுந்த நீர் அழுத்தத்திற்கு அடங்காது. பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். அச்சேதம் வெள்ளத்தால் அன்று, இயக்கியதால் நேர்ந்தது என நிறுவனங்கள் பெரும்பாலும் மறுக்கின்றன. எஞ்சின் பாதுகாப்பைத் தனியே பெற்றவர்க்கே வழியுண்டு. எனவே நீர் வடிந்ததும் ஒளிப்படம் எடுத்து, நிறுவனத்திற்குத் தெரிவித்து, மதிப்பீட்டாளர் வரும்வரை ஊர்தியைத் தொடாதிருத்தல் நன்று.

மறுப்பு நியாயமற்றதெனத் தோன்றினால் முதலில் நிறுவனத்திடமே எழுத்து வழியாக முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் விடை வாராவிடினும், வந்த விடை நிறைவளிக்காவிடினும் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அங்கே கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை.